ஆடாத பன்னிரண்டு

அம்மா சோளக் கிடங்கில் உலர்த்தும் இயந்திரத்தை ஓட்டினார். அதில் காய்ந்த சோளம் வெளியேறும் வாயில் ஈரம் பார்க்கும் சென்சார் இருந்தது. சோளம் ஓடும்போது அதன் எண் பதினொன்றுக்கும் பதிமூன்றுக்கும் நடுவே ஆடும். ஒரு நாள் அது பன்னிரண்டிலேயே நின்றுவிட்டது.

"சென்சார் முகத்துல மாவு அப்பிக்கிச்சு. அதைத்தான் அது அளக்குது. நிறுத்தித் துடைக்கணும்," என்றார் அம்மா.

"ஆடினாலும் குத்தம், நின்னாலும் குத்தமாக்கா? உங்களுக்கு மாமியார் வேலைதான் சரி," என்று மேற்பார்வையாளர் சிரித்தார். நிறுத்த விடவில்லை.

காய்ந்துவிட்டதாகவே எண் காட்டியதால், ஈரச் சோளம் சேமிப்புக் கோபுரத்துக்குள் குவிந்து, சூடேறி, வெளியே தெரியாமல் கனன்றது. கருகல் வாசனை வந்ததும் அம்மா ஏணியில் ஏறி மூடியைத் திறந்தார். காற்று புகுந்ததும் தீ மேலே பாய்ந்தது.

அம்மாவின் அடக்கம் முடிந்து அங்கே போனேன். நான் அளவுக் கருவிப் பொறியாளர். அம்மாவின் இயந்திரம் காலியாக நின்றது. எண் இன்னும் பன்னிரண்டு. பக்கத்து இயந்திரத்தில் சோளம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கும் பன்னிரண்டு. ஆடவில்லை.

"இதை நிறுத்துங்க. இதோட கோபுர மூடியை யாரும் தொடக் கூடாது," என்றேன்.

மேற்பார்வையாளர் அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"கருகல் வாசனை வருதுன்னு இப்பத்தாம்மா ஒரு ஆளை மேல அனுப்பினேன்."

நான் ஏணியை நோக்கிக் கத்திக்கொண்டே ஓடினேன்.