நாயில் இரண்டு வகை

கல்கத்தாவின் டாக்குரியாவில் குடியிருந்த ஷியாமளா ஜப்பானிய மொழி படிக்கிறாள் என்று யாராவது வியந்தால், அவள் கணவர் சௌந்தரராஜன் சொல்வது ஒன்றுதான்: "ஆத்துல சும்மாதானே இருக்கா, பொழுது போகட்டும்." துறைமுக அதிகாரி. கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் 'சும்மா'வை நம்பி ஊரையே அழைத்துவிடுவார். காசி, கயா என்று கிளம்புகிற சொந்தக்காரர்களுக்குக் கல்கத்தாவில் இறங்க ஒரு வீடு வேண்டுமே! போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம். ஷியாமளாவின் அடுப்பு அணைந்து யாரும் பார்த்ததில்லை.

ஜாதவ்பூரில் அவளுக்குப் பாடம் சொன்ன அனிந்திதா தீதி (வங்காளிகள் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்), மாணவர்களுக்காகச் சின்ன அகராதி ஒன்று தொகுத்துக்கொண்டிருந்தாள். 'நாய்' என்று முடியும் சொற்களை வகை பிரிப்பது ஷியாமளாவின் பொறுப்பு. ஜப்பானியரின் 'நாய்' குரைக்காது; 'இல்லை' என்று மட்டும் சொல்லும். ஷிகாதா என்றால் வழி. ஷிகாதாநாய் என்றால் வழியில்லை. தமிழெழுத்தில் அவள் எழுதி வைத்ததைப் பார்த்துச் சௌந்தரராஜன் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னடி, பக்கம் பூரா நாய்? பண்ணை வைக்கப்போறயா?"

வேலை நன்றாக அமைந்தால், நியூ டவுன் கம்பெனி ஒன்றில் தொடங்கவிருந்த ஜப்பானிய வகுப்பு அவளுக்குத்தான். தனக்கென்று ஒரு வேலை. அதற்காக ஷியாமளா தவியாய்த் தவித்தாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் தீதி போன் செய்தாள். "எல்லாம் சரி. 'செவாஷிநாய்' மட்டும் தப்பு. அதை ஏன் 'இல்லை' வரிசையில் போட்டாய்?"

"செவாஷி என்றால் ஓயாத பரபரப்பு. நாய் சேர்ந்தால் பரபரப்பு இல்லாதது, சும்மா இருப்பது. அப்படித்தானே, தீதி?"

"இல்லை. இந்த நாய் வேறு வகை. பார்வைக்கு 'இல்லை', பொருளுக்கு 'மிக மிக'. மூச்சுவிட நேரமில்லாத அலைச்சல் அது. திருத்திக்கொண்டு சாயங்காலம் வா. கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். நீ வராவிட்டால் வகுப்பு வேறு ஆளுக்குப் போய்விடும்."

ஷியாமளாவுக்குச் சிரிப்பு வந்தது. சும்மா இருப்பவள் என்று பேர் வாங்கியவளுக்கே இந்தச் சொல் பிடிபடாமல் போயிற்றே!

திருத்தி எழுதி, புடவை மாற்றிக்கொண்டு, செருப்பை மாட்டும்போது வாசலில் டாக்சி வந்து நின்றது. கயாவிலிருந்து நாகலட்சுமி சித்தி, பெரிய கூட்டத்தோடு.

"ஏன்னா, இன்னிக்கு நான் போயே ஆகணும். கார்த்தாலயே சொன்னேனே!"

"பசியோட வந்திருக்கா, ஷியாமு. வேற வழியில்லை. நாளைக்குப் போய்க்கோ."

"ஷிகாதாநாய்" என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். இருந்தாலும் ஆசை விடவில்லை. தீதியிடம் ஒரு மணி நேரம் தவணை கேட்கலாம். பூரியைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம். மாவைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே போன் மணி அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு விரைந்தாள். அதற்குள் சௌந்தரராஜன் எடுத்துவிட்டார்.

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இத்தனை வருஷத்தில் கற்ற வங்காளியில் சொன்னார்: "ஷியாமளா பாரி நேய், தீதி." ஷியாமளா வீட்டில் இல்லை. போனை வைத்துவிட்டார்.

"உன்கிட்ட கொடுத்தா பேச்சு வளரும். அதான்" என்றார். "பூரி ஆச்சா?"

நேய். நாய். இந்த முறை 'இல்லை' வரிசைதான் என்பதில் ஷியாமளாவுக்குச் சந்தேகமே வரவில்லை.