உப்பு கம்மி

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சிய பாய், என் நினைவில் ஆவிக்குள்தான் நிற்கிறார். மாலைக் காற்றில் எங்கோ கப்பல் ஊதும். அவர் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து கண்ணே தெரியாது. ஒவ்வொரு தூக்குவாளியிலும் ஊற்றும்போது, "உப்பு கம்மி" என்பார். வீட்டில் குடித்தால் சரியாகவே இருக்கும்.

ஒருநாள் கேட்டேன். "ருசி பாக்காமலே எப்படி பாய் சொல்றீங்க?"

"நோம்பு வெச்சிகினு எப்டி நைனா நாக்குல வெப்பேன்? நானே முன்னாடி சொல்லிட்டா, நீ சொல்றப்போ வலிக்காதுல்ல."

அன்றைக்கென்று பார்த்துக் கஞ்சியில் உப்பே இல்லை.

மறுநாள், "நேத்து உப்பு சரியா இருந்துச்சு பாய்" என்றேன். முதல்முறையாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். இன்னொரு கரண்டி ஊற்றினார்.

வீட்டுப் படியேறும்போதுதான் உறைத்தது: நேற்று அவரும் அதே கஞ்சியைக் குடித்துத்தான் நோன்பு திறந்திருப்பார்.