நிலாவில் கீழ்த்தெரு

இன்று காலை மேல்மலையிலிருந்து கொடைக்கானல் வரும் பஸ்ஸில், பக்கத்து சீட்டில் ஒரு கேரட் வியாபாரி. கையில் பேப்பர். நிலாவில் தண்ணீர் இருக்கிறதாம்.

"பாத்தீங்களா, நம்ம ஆளுங்க கண்டுபிடிச்சுட்டாங்க! இனி வெரசா வீடு கட்டிக் குடியேறிற வேண்டியதுதான்," என்றார். முகமெல்லாம் பெருமை.

எனக்கும் சந்தோஷம்தான். அவர் அடுத்த வாக்கியத்தை ஆரம்பிக்கும் வரை.

"ஆனா ஒண்ணுங்க. தண்ணி ஊறுற எடத்துல மொதல்ல நம்ம தெருவப் போட்டுறணும். அவங்க தெரு கீழதான் இருக்கணும். இல்லாட்டி நாளைக்குத் தகராறுதான்."

அவர் ஊரை எனக்குத் தெரியும். மேல்தெருக்காரர்கள் ஓடையில் கேரட் கழுவுவார்கள். அந்த மண் கலங்கிய தண்ணீரைத்தான் கீழ்த்தெருக்காரர்கள் குடத்தில் பிடித்துக் குடிக்கிறார்கள்.

"நிலாவுல மேல, கீழன்னு ஏதுங்க?" என்றேன்.

"அதெல்லாம் மொதல்ல போறவங்க பாத்து வெச்சுருவாங்க."

ராக்கெட்டில் கிராம் கிராமாக எடை பார்த்துத்தான் சாமான் ஏற்றுவார்களாம். இந்தச் சாமானுக்கு எடையே கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் மண்டைக்குள் வைத்துக் கொண்டுபோகலாம்.

பேப்பரை மடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆமா, நீங்க எந்தத் தெருங்க?"

"நான் நிலாவுக்கு வரலைங்க," என்று எழுந்தேன். கொடைக்கானல் வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன்.

நண்பர்களே, உங்களில் நிலாவுக்குப் போகிற உத்தேசம் யாருக்காவது உண்டா? அங்கே யார் குடிக்கிற தண்ணீரில் கேரட் கழுவப்போகிறீர்கள் என்பதையும் கீழே எழுதிவிட்டுப் போங்கள்.