மாதையன் அண்ணன் துப்பாக்கியை இறக்கப் பழகியது

மாதையன் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, தருமபுரி ஆஸ்பத்திரியில்... ஹார்ட் அட்டாக்.

ஏடிஎம்களுக்குப் பணம் கொண்டுபோகும் வேனில் நான் டிரைவர், அவர் கன்மேன். பல வருஷம் என் பக்கத்து சீட். மடியில் இரட்டைக் குழல் துப்பாக்கி.

மிலிட்டரிக்காரர் இல்லை. பொம்மிடிப் பக்கம் விவசாயம். காட்டுப்பன்றியை வெடிச்சத்தத்தில் விரட்ட வாங்கிய துப்பாக்கி லைசென்ஸை வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தவர்.

முதல் தடவை, சுட்டுப் பழகும் ரேஞ்சில் சுட்டபோது குறி அட்டையில் ஒரு பொத்தல்கூட இல்லை. வெடிக்கும் முன்பே கண்ணை மூடிவிடுவார், விசையை வெடுக்கென்று இழுப்பார்... எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்கட்டும் தம்பி. சுடத் தெரியாதவங்கிட்ட துப்பாக்கி இருந்தா பக்கத்துல ஒக்காந்திருக்கற ஒனக்குத்தான் ஆபத்து" என்றார்.

அப்புறம் தினமும் வேன் ஷெட்டில் பிராக்டிஸ். தோட்டாக்களை எடுத்து என்னிடம் கொடுப்பார். குழல் காலிதான் என்று என்னையும் பார்க்கச் சொல்வார். சுவரில் குறிக்காக ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றுவார். துப்பாக்கிக் கட்டை கன்னத்தில் படிந்ததும் கண்ணைத் திறப்பார். குழல் பொட்டுக்கு நேராக இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து.

அடுத்த தடவை ரேஞ்சில் அட்டை கிழிந்து தொங்கியது. சிரித்தவர்களே வந்து கைகொடுத்தார்கள்.

பிறகு அந்த மத்தியானம்... பாலக்கோடு மார்க்கெட் பக்கத்து ஏடிஎம். பணப்பெட்டியை இறக்கும் நேரத்தில், கையில் அரிவாளோடு ஒரு ஆள் எங்களைப் பார்த்து ஓடி வருகிறார்.

நான் கத்துவதற்குள் துப்பாக்கி அண்ணனின் தோளில் இருந்தது. "நில்லு!"

அரிவாள் கீழே விழுந்தது. "பஸ்ஸு போயிருமுன்னு ஓடியாந்தேங்க... சுட்றாதீங்க சாமி..."

எங்களுக்குப் பின்னால் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. வயலில் அறுப்பு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற மனுஷன்.

ஆபீஸில் அண்ணனைப் பாராட்டினார்கள். அவர் அன்று சாப்பிடவே இல்லை.

"கை தானா ஏறிருச்சு தம்பி. அந்தாளு மூஞ்சியே தெரியல... பொட்டுதான் தெரிஞ்சுது. வெரலு விசை மேல இருந்துச்சு."

"அதான் சுடலயே அண்ணா..."

"ஏன் சுடலன்னு எனக்கே தெரியலியே."



மறுநாள் சுவரிலிருந்த பொட்டை உரித்துப் போட்டார். ஆனால் பிராக்டிஸை விடவில்லை. துப்பாக்கியை ஏற்றுவார். விரலை விசைக்கு வெளியே நீட்டி வைப்பார். "நில்லு" என்பார். மெதுவாக இறக்குவார். திரும்பத் திரும்ப...

"இத்தன நாளா ஏத்த மட்டும்தான் பழகியிருக்கேன்" என்றார்.

வேலையை விட்டு நிற்கும் வரை அப்படித்தான். ராத்திரியில் சரியாகத் தூக்கமே வருவதில்லை என்பார்.

போன வாரம் போன் செய்தார். "துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைச்சுட்டேன் தம்பி. பன்னி வந்து குச்சிக்கெழங்க நோண்டிட்டுப் போவுது. போவட்டும்."

"இப்பவாச்சும் தூக்கம் வருதுங்களா அண்ணா?"

"வரும்" என்றார்.

சாயங்காலம் பொம்மிடியில் எடுக்கிறார்கள். லீவு சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.

தூங்குங்க அண்ணா...