சிவப்புப் பட்டு யார் தலைக்கு

அலோனில் எங்கள் வார்டு அம்மன் கோயிலில் தேர் வடத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு காரியம் நடக்க வேண்டும். அம்மன் மேல் சாத்தியிருந்த சிவப்புப் பட்டை எடுத்து, அந்த வார்டை அப்போது ஆளுகிறவர் தலையில் பரிவட்டமாகக் கட்ட வேண்டும். அவர் தமிழராக இருக்க வேண்டும் என்பதில்லை. அம்மனைக் கும்பிடுகிறவராகக்கூட இருக்க வேண்டியதில்லை. ஆளுகிறவராக இருந்தால் போதும். கப்பலில் வந்து இந்தப் பர்மியத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் செய்து வைத்த ஏற்பாடு இது. வந்த இடத்தில் பிழைக்க வேண்டும் அல்லவா.

கட்டுகிற வேலை எங்கள் குடும்பத்துடையது. யாருக்குக் கட்டுவது என்று சொல்கிற வேலை கோயில் தலைவருடையது. முன்பு இரண்டும் எங்களிடம்தான் இருந்தன. என் தாத்தாவின் அண்ணன் காலத்தில் பிரித்துவிட்டார்கள். யுத்தத்துக்கு முன் அவர் துறைமுகத்து வெள்ளைக்கார அதிகாரிக்குக் கட்டினார். ஜப்பான்காரன் வந்ததும் யாரோ அதைப் போய்ச் சொல்ல, அவரை நடுத்தெருவில் நிற்க வைத்து அறைந்தார்கள். அடுத்த திருவிழாவில் ஜப்பான் அதிகாரிக்குக் கட்டினார். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அதையும் யாரோ போய்ச் சொன்னார்கள். இந்த முறை சிறை. போய்ச் சொன்னது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. வெளியே வந்த பிறகு அவர் கோயிலுக்குள் நுழைந்ததே இல்லை. எங்கள் வீட்டில் இதைப் பெருமையாகவும் சொல்ல மாட்டார்கள், வருத்தமாகவும் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்வார்கள்.

நான் நாலாவது வரை படித்தேன். சரக்குக் கிட்டங்கியில் உளுந்து மூட்டைகளுக்கு வாய் தைக்கிறேன். நாலு பேருக்கு நடுவில் எனக்குப் பேச்சு வராது. "மூட்டைக்குத் தைக்கும்போது தன் வாயையும் சேத்துத் தைச்சுக்கிட்டான்" என்று கோயில் கமிட்டியில் கேலி செய்வார்கள். பட்டுக் கட்டுகிற வேலைக்கு அது தோதாக இருந்தது. தலைவர் கண்ணைக் காட்டுவார், நான் கட்டுவேன்.

இப்போதைய கோயில் தலைவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். காஸ் அடுப்பு பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார்.

பட்டாளம் ஆட்சியை எடுத்துக்கொண்ட பிறகு தேர் ஓடாமல் நின்றது. பழைய வார்டுத் தலைவர் எங்கேயோ போய்விட்டார். பட்டாளத்தார் புதிதாக ஒருவரை உட்கார வைத்தார்கள். அவர்களை எதிர்த்துக் காட்டுக்குப் போன பிள்ளைகளுக்கும் ஊருக்குள் ஆள் இருந்தது. வேறு வார்டுகளில் பட்டாளத்தார் வைத்த தலைவர்கள் சுடப்பட்டார்கள். பகலில் ஒரு ராஜ்ஜியம், கைப்பேசிக்குள் இன்னொரு ராஜ்ஜியம். யாருக்கு யார் தலான் என்றே எல்லோரும் யோசித்தோம். தலான் என்றால் இங்கே காட்டிக்கொடுப்பவன். அந்தப் பேர் விழுந்தவன் படம் கைப்பேசிகளில் சுற்ற ஆரம்பித்தால் அவன் வெளியே வரமாட்டான்.

இந்த ஆண்டு வார்டுத் தலைவர் மச்சானைக் கூப்பிட்டு, தேர் ஓடட்டும், வார்டு அமைதியாக இருப்பது தெரியட்டும் என்றார். தேர் ஓடினால் பட்டுக் கட்ட வேண்டும். மச்சானின் மகனுக்குப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் வயது. குலுக்கலில் யார் பெயர் விழும் என்பது வார்டுத் தலைவர் கையில் இருக்கிறது என்று எல்லோரும் நம்பினோம்.

கமிட்டி கூடிய அன்று மின்சாரம் இல்லை. மண்டபத்தில் விசிறியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"கட்டுனா எனக்கு ஆபத்து. கட்டலேன்னா பயலுக்கு" என்றார் மச்சான். "அவ்வளவுதான் விஷயம். இப்ப சொல்லுங்க."

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், "நிறத்தையாவது மாத்துவோமே. சிவப்பு பட்டாளம் எறக்குன கட்சிக்காரங்க நிறம். அவன் தலைல கட்டுனா கேலி பண்றோம்னு நெனப்பான்" என்றார்.

"பச்சை?"

"பச்சை பட்டாளத்துச் சட்டைய்யா. அவங்களுக்கு ஜால்ரா போட்ட மாதிரி ஆயிரும்."

"மஞ்சள்?"

"மஞ்சளுக்கு எவன் கோவிச்சுக்கப் போறானோ. அம்மனுக்குச் சாத்துறது சிவப்பு. அத மாத்துறதுக்கு நீ யாரு, நான் யாரு."

"தேர் நாள்ல மாப்பிளைக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டா?" என்று ஒருவர் என்னைக் காட்டினார்.

"காய்ச்சலான்னு தொட்டுப் பாக்க ஆள் அனுப்புவான்" என்றார் பெரியவர்.

பேசினது அவ்வளவுதான், முடிவு எதுவும் இல்லை. மறுநாள் மச்சானுக்கு ஒரு போன். பர்மியப் பேச்சு, இளம் குரல், மாமா என்று மரியாதையாக. "ஊலே, சிவப்புத் துணி விஷயத்தில் கவனமாக இருங்கள்." உடனே வைத்துவிட்டான். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் அதே வாக்கியத்தைச் சொல்லலாம். அதைவிட, மண்டபத்தில் பேசியது எப்படி வெளியே போனது? அன்றிலிருந்து நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். கோயிலுக்கு எதிரே புதிதாக வெற்றிலைக் கடை போட்டிருந்தவனைப் பார்த்தேன். அவன் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. "தேர் எந்தப் பக்கம் திரும்பும்?" என்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டான். எல்லோரும் கேட்கிற கேள்விதான். நான் வாங்காமல் வந்துவிட்டேன்.

தேர் நாள் மாலையில் நல்ல கூட்டம். இரண்டு பக்க மாடிகளிலும் ஆட்கள், எல்லோர் கையிலும் கைப்பேசி. வார்டுத் தலைவர் இரண்டு ஆட்களோடு வந்து தேருக்கு முன்னால் நின்றார். குருக்கள் பட்டை எடுத்துத் தட்டில் வைத்து என்னிடம் தந்தார். நான் மச்சானைப் பார்த்தேன். அவர் தேர்ச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணைக் காட்டினார். மகனைத்தான் நினைத்திருப்பார்.

பட்டை மடித்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனேன். வார்டுத் தலைவர் துணியைப் பார்த்தார். அப்புறம் மாடிகளைப் பார்த்தார். ஓர் அடி பின்னால் போனார்.

"என்ன இது?" என்றார் பர்மியத்தில், எனக்கு மட்டும் கேட்கும்படி. "இத்தனை பேருக்கு நடுவில் என் தலையில் மட்டும் சிவப்பைக் கட்டச் சொன்னது யார்? யாருக்கு அடையாளம் காட்டுகிறாய்?"

இப்படி ஒன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருக்குக் கட்டினால் யார் கோபப்படுவார்கள் என்றுதான் அத்தனை நாளும் பேசினோம். அந்தத் துணிக்கு அவர் பயப்படுவார் என்று நினைக்கவே இல்லை. வழக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பர்மியம் எனக்குத் தமிழைவிட நன்றாக வரும். ஆனால் வாய் திறக்கவில்லை. நான் பேசாமல் நின்றது அவர் சந்தேகத்தைக் கூட்டியது. அவருடைய ஆள் ஒருவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

மச்சான் குறுக்கே வந்தார். "சயா, ஐயா, இது எங்கள் வழக்கம். உங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கெல்லாம் கட்டியிருக்கிறோம்."

"முன்னால் இருந்தவர்களெல்லாம் இப்போது எங்கே?" என்றார் வார்டுத் தலைவர்.

மச்சான் சட்டென்று என் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தார். "எனக்குக் கட்டு மாப்பிள."

"மச்சான்..."

"கட்டுன்னா கட்டு. நானே கட்டிக்கிட்டா அவருக்குச் சந்தேகம் போயிரும்."

கட்டினேன். ஒரு மணிக்கட்டு அந்த ஆள் பிடியில் இருந்ததில் முடிச்சு காதுப் பக்கம் போய்விட்டது. வார்டுத் தலைவர் மச்சான் தலையையும் மாடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. என் மணிக்கட்டை விட்டார்கள். மேளம் தொடங்கியது, வடத்தை இழுத்தார்கள். வார்டுத் தலைவரும் ஒரு கை பிடித்தார். பக்கத்திலேயே சிவப்புப் பட்டோடு மச்சான். அந்தப் படம் அன்றே எல்லோர் கைப்பேசிக்கும் வந்துவிட்டது.

சில நாள் கழித்து வார்டு ஆபீஸில் மச்சானைக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஆளுகிறவருக்குக் கட்டுகிற துணி என்று அன்று நீங்கள்தானே சொன்னீர்கள், நீங்களே கட்டிக்கொண்டீர்கள், அப்படியானால் உங்கள் பக்கத்துப் பத்து வீட்டுக்கும் நீங்களே தலைவராக இருங்கள் என்றார்களாம், சிரித்துக்கொண்டே. பத்து வீட்டுத் தலைவர் என்றால் எந்த வீட்டில் புதிதாக யார் படுக்கிறார்கள் என்று ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும். மகன் பெயர் குலுக்கலில் இருக்காது என்றும் சொன்னார்கள். மச்சான் ஒப்புக்கொண்டார். வேறு என்ன செய்வார்?

அந்தப் பத்து வீட்டில் எங்கள் வீடும் ஒன்று.

அப்போது என் அக்கா மகன் எங்களோடு இருந்தான். ஊரின் வடக்கு விளிம்பில் ஷ்வேப்யிதாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அங்கே குலுக்கலில் பெயர் வந்துவிடும் என்று பயந்து ஓடி வந்திருந்தான். யாருக்கும் சொல்லவில்லை. மச்சானுக்கும் சொல்லவில்லை. முன்பெல்லாம் மச்சான் வந்தால் நேராகச் சமையல்கட்டுக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்ப்பார். ஒப்புக்கொண்ட அன்று மாலை வாசலிலேயே நின்றார்.

"மாப்பிள, வீட்டுல எத்தனை பேரு?"

"எப்பவும் உள்ளவங்கதான்."

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஏண்ணே, உனக்குத் தெரியாதா? நீ என்னக் கட்டிக் குடுத்த வீடுதானே."

"கேக்கணும்னு இருக்கும்மா."

அவர் கீழே பார்த்தார். வாசலில் செருப்புகள் கிடந்தன. அக்கா மகனுடையதும் அதில் இருந்தது. அதைப் பார்த்தாரா, சும்மா தலையைக் குனிந்தாரா என்று தெரியவில்லை. "சரி" என்று போய்விட்டார்.

மனைவி அரிசியைக் களைந்தாள். "அண்ணன் சொல்லாது" என்றாள். உலையை வைத்துவிட்டு அவளே திரும்பி வந்தாள். "எதுக்கும் நீங்க அவன இப்பவே பசுந்தாங்குல உங்க சிநேகிதர் வீட்டுல விட்டுட்டு வந்துருங்க."

அவனைப் பஸ்ஸில் அழைத்துப் போய் விட்டுவிட்டுத் திரும்பினேன். தெருமுனைத் தேநீர்க்கடையில் மச்சான் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றியிருந்த மேசைகளில் ஆள் இருந்தது, பேச்சு இல்லை. என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். போகாமல் இருக்க முடியாது. எதிரில் உட்கார்ந்தேன்.

"எங்கேருந்து வர்ற மாப்பிள?"

இத்தனை வருஷமாகக் கேட்கிற கேள்விதான்.

"கிட்டங்கிலேருந்து."

நான் இறங்கிய பஸ் கிட்டங்கிப் பக்கம் போகாது. அது அவருக்கும் தெரியும். "ம்" என்றார். எனக்கு ஒரு தேநீர் சொன்னார். அது வரும்வரை இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.