ரெட்டைவால் குருவிக்காகக் களை வெட்டிய இரண்டு நாள்

கள்ளக்குறிச்சியில் இருபத்தாறு வருடம் போட்டோ ஸ்டுடியோ நடத்தினேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் சைஸ், இவ்வளவுதான் என் தொழில். ஒருநாள் அச்சக முதலாளி கூப்பிட்டார்.

"காலண்டருக்குப் பன்னண்டு படம் வேணும்மா. எல்லாம் நம்ம கல்வராயன் மலையா இருக்கணும். பொம்பள மலையேறி எடுப்பாங்களான்னு கேக்குறாங்க. நான் உங்க பேரத்தான் சொல்லிக்கீறேன்."

பதினோரு படம் முடிந்தது. பறவை மட்டும் பாக்கி. கரியாலூர் அருவிப் பாறையில் கால் வழுக்கி விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்பு, டெலி லென்ஸ் தண்ணீருக்குள் போய்விட்டது. பையில் இருந்தது பாஸ்போர்ட் படம் எடுக்கும் 50 எம்எம் லென்ஸ் மட்டும். அதில் தூரத்துப் பறவை கடுகு மாதிரி தெரியும். அச்சுக்குப் போக மூன்றே நாள். அடிவாரத்துக்கு இறங்கி, பஸ்ஸுக்காக நிலக்கடலை விளையும் ஒரு மல்லாட்டைக் கொல்லையோரம் உட்கார்ந்து அழுதேன்.

அங்கே களை வெட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் எழுந்து வந்தார். பெயர் அஞ்சலை. என் வயதுதான் இருக்கும்.

"இன்னாக்கா, எதுக்கு அழுவுறீங்க?"

சொன்னேன். சிரித்துவிட்டார்.

"குருவியா? தோ பாருங்க, ரெட்டைவாலு. நாங்க வெட்ட வெட்டப் பூச்சி கெளம்பும். அதத் தின்ன பின்னாடியே வரும். வந்து எங்களோட குந்துங்க."

நான் உட்கார்ந்ததும் குருவி மின்கம்பிக்குப் பறந்துவிட்டது.

"அதுக்கு ஒங்களத் தெரியாது. பொட்டிய ஓரமா வச்சிட்டுக் களை வெட்டுங்க."

அன்று பொழுது சாயும்வரை வெட்டினேன். கையில் கொப்புளம் வந்தது. குருவி வரவில்லை. மறுநாளும் போனேன். அவர்கள் கூழில் எனக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் அந்த ரெட்டைவால் கரிச்சான் இறங்கி, அஞ்சலைக்கு இரண்டடி தள்ளி ஒரு மண்கட்டிமேல் உட்கார்ந்தது. கேமராவை மெல்ல எடுத்தேன். பறக்கவில்லை. ஒரு வெட்டுக்கிளி துள்ளியது, குருவி சிறகை விரித்தது, அமுக்கினேன்.

முதலாளி படத்தை வெகுநேரம் பார்த்தார். "இவ்ளோ கிட்ட எப்டிம்மா போனீங்க?" என்றார்.

காலண்டரை எடுத்துக்கொண்டு அஞ்சலை வீட்டுக்குப் போனேன். அவர் குருவியை விட்டுவிட்டு, படத்தின் ஓரத்தில் மண் அப்பியிருந்த விரல்களைத் தொட்டார்.

"இது என் கைதான?"

"உங்க கைதான்."

உள்ளே திரும்பி, "ஏங்க, இங்க வந்து பாருங்க" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

படமெடுக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: போகிற இடத்தில் முதலில் கேமராவை எடுக்காதீர்கள். அங்கே வேலை செய்கிறவர்களோடு கொஞ்சம் குனிந்து நில்லுங்கள். எனக்கு இடம் விட்ட அந்தப் பெண்களுக்கும் குருவிக்கும் நான் கடமைப்பட்டவள்.