நான் அழித்த வீடுகள்

மாலை ஐந்தே முக்காலுக்கு ஓசூரிலிருந்து திரும்பியபோது மகள் வீட்டில் இல்லை.

மூன்றாம் வகுப்பில் சமூகப் பாடத்துக்கு ஊர்ப்படம் வரையச் சொல்லியிருந்தார்கள். ஏரிக்கு அப்பால் இருக்கும் சேரி வீடுகளையும் அவள் வரைந்திருந்தாள். காலையில் நானே அவற்றை ரப்பரால் அழித்தேன்.

"அது நம்ம ஊர்ல சேராது கண்ணு."

"அப்ப அவங்க எந்த ஊருப்பா?"

"வாயாடாதே" என்று தலையில் குட்டினேன்.

மகளைத் தேடிக் கிணறு கிணறாக எட்டிப் பார்த்தோம். மனைவி கதறினாள். இருட்டுகிற நேரத்தில் மகளை முன்னால் நடக்கவிட்டு, தள்ளியே வந்தார் சேரி மாரப்பன். அன்றுவரை நான் 'வாடா' என்றே கூப்பிட்டவர். வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"பாப்பாவைத் திட்டாதீங்க சாமி. எங்க வீடுங்களை எண்ணிக்கிட்டு இருந்துச்சு, படத்துல போடணுமாம். ஒரு வீடும் விட்டுப்போயிடக் கூடாதுன்னு எங்க சனங்க எல்லாம் வெளிய வந்து நின்னாங்க சாமி."